மணிக்கு ஒரு ஆணி

“நூல் சிக்கெடுக்கத் தெரியும், சரி. புள்ளைங்களச் சிக்கெடுக்கத் தெரியுமா?”

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பெரிய டீச்சரம்மா கேட்ட முதல் கேள்வி இது. திருத்தணி மலையடிவாரத்தில் பெண் குழந்தைகளுக்கான ஆரம்பப் பாடசாலை அது. அதன் தலைமை ஆசிரியையை எல்லாரும் பெரிய டீச்சரம்மா என்றுதான் அழைப்பார்கள். என் தகப்பனார் பள்ளிப்பட்டில் தறி நெய்கிறவர் என்று தெரிந்துகொண்ட பிறகு அவர் கேட்டது இது. “தெரியும்மா” என்றேன். மாலையில் கிளம்பும் நேரத்தில் அதே கேள்வியை மறுபடியும் கேட்டார். காலையில் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்து, “பழகிக்குவேன்மா” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலின் பொருள் எனக்கு விளங்கப் பல மாதங்கள் ஆயின.

இப்போது நான் அந்த வேலையில் இல்லை. முப்பது வயதுகூட ஆகாதவளை ஓய்வு பெற்றவள் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் அண்மையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்து, “கடைசி வரிசைப் புள்ளைங்கள எப்படிக்கா மேய்ச்சீங்க?” என்று கேட்டார்கள். மேய்த்தல் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அதனாலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். தகப்பனாரை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்குக் கையெழுத்துப் போட வராது. பயிற்சிப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்தேன். படித்ததில் பாதி, கரும்பலகையில் எழுத்துச் சாயாமல் எழுதுவது. மீதிப் பாதி, நல்ல குடும்பத்துப் பெண்கள் என்னோடு ஏன் சிரித்துப் பேசுகிறார்கள் என்று யோசிப்பது. யாராவது அன்பாகப் பேசினால் இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் சுபாவம். அதை விட்டொழிக்கும்படி பலர் சொல்லியிருக்கிறார்கள். விடவில்லை, அதனால் நன்மையும் உண்டு.

பெரிய டீச்சரம்மாவுக்கும் அதே சுபாவம்தான், இன்னும் பெரிய அளவில். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். நடக்கும்போது அது ஒலிக்கும். அவருக்குக் கோபம் வந்தால் ஒரு கையால் கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், ஒலி நின்றுவிடும். குரலை உயர்த்தவே மாட்டார். யாரையாவது சந்தேகப்பட்டால் காலையில் ஒரு கேள்வி கேட்பார். அதே கேள்வியை, முதல் தடவை கேட்பது போலவே, மாலையில் கேட்பார். தண்ணீர் ஊற்றும் ஆயா குடத்தை உடைத்துவிட்டு மறைத்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார். அதன் சூத்திரத்தை ஒரு நாள் எனக்கும் சொன்னார்.

“உண்ம சொல்றவ நடந்தத நெனச்சுப் பாத்து சொல்றா. அதனால ஒவ்வொரு தடவையும் வார்த்த மாறும். பொய் சொல்றவ மனப்பாடம் பண்ணிகினு வரா. ஒரு எழுத்து மாறாது. தெரிஞ்சுக்கோ சுசீலா.”

தெரிந்துகொண்டேன். முதல் நாள் நான் தப்பித்ததும் அதனால்தான்.

கடைசி வரிசையில் நான்கைந்து பெண்கள் இருந்தார்கள். யாருக்கும் புத்தி மட்டு இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், கணக்குப் போடுவார்கள். ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து இருக்கத் தெரியாது. தன் முறை எப்போது, எதிரில் நிற்பவள் கோபமாக இருக்கிறாளா விளையாடுகிறாளா, ஒரு வேலை முடிந்தால் அடுத்து என்ன, சிலேட்டுப் பலகையை எங்கே வைத்தோம் என்று மற்றக் குழந்தைகள் யாரும் சொல்லாமலே பிடித்துக்கொள்கிற விஷயங்கள் இவர்களுக்குப் பிடிபடாது. மற்ற ஆசிரியைகள் இதைத் திமிர் என்றார்கள். பிற்பகல் கைவேலை வகுப்பு என்று சொல்லி அவர்களை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி அலமேலு. ஒன்பது வயது இருக்கும். அவள் தகப்பனார் மலைக்கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியம் சமைக்கும் பரிசாரகர். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். மணியோசை கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். சொன்ன சொல்லுக்கு உள்ள பொருளை மட்டும் எடுத்துக்கொள்வாள். ஒரு தரம் நான் அலுத்துப்போய், “எத்தன தடவ சொல்றது உனக்கு?” என்றேன்.

“நாலு தடவ சொன்னீங்க டீச்சர்.”

வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் சாவிக்கொத்தின் ஒலி நின்றுவிட்டது.

என்ன செய்வதென்று யோசித்தபோது எங்கள் வீட்டுத் தறிதான் நினைவுக்கு வந்தது. பாவு நீட்டும்போது ஆயிரம் இழைகள் கலையாமல் இருக்க, குறுக்கே கோல் கொடுத்து ஒன்று மேலே ஒன்று கீழே என்று பிரித்து வைப்போம். நடுவில் இழை அறுந்தால் அந்தக் கோலைப் பார்த்து அது எங்கே போக வேண்டும் என்று கண்டுகொள்ளலாம். இந்தக் குழந்தைகளுக்கும் அப்படி ஒரு கோல் வேண்டும் என்று தோன்றியது. ஊருக்குப் போய் நைனாவிடம் அறுந்த சாய நூல் கேட்டேன்.

“நூலுக்கே ரேசன் போட்டுட்டான். நீ கொழந்தைங்க கையில கட்டப் போறியா?” என்றார். ஆனாலும் கொடுத்தார்.

வகுப்பு வாசலில் ஒரு கயிறு கட்டி, அதில் வரிசையாக ஐந்து நிற நூல்களைத் தொங்கவிட்டேன். வந்ததும் முதல் நிறத்தைத் தொட வேண்டும். சிவப்பு என்றால் பையைச் சிவப்பு நூல் கட்டிய ஆணியில் மாட்டுவது. முடிந்தால் திரும்பி வந்து அடுத்த நிறம். மஞ்சள் என்றால் பலகையைத் துடைப்பது. இப்படியே வீட்டுக்குக் கிளம்பும்போது தொடும் கடைசி நூல் வரை. கடைசி நூலுக்கு ஒரே வேலைதான்: “எடுத்த பொருள் எல்லாம் அதோட எடத்துல இருக்கா?” என்று சுற்றிப் பார்த்து, இல்லாததைக் கொண்டுபோய் வைப்பது. ஒரு நூலின் வேலை முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. நான் வாய் திறக்க மாட்டேன். கேட்டால் நூலைக் காட்டுவேன். ஒரு மாதம் கழித்து வாசல் கயிற்றை எடுத்துவிட்டு, அவரவர் மணிக்கட்டில் ஒரு நூலில் ஐந்து முடிச்சுப் போட்டுக் கட்டினேன். முடிச்சைத் தடவிப் பார்த்தால் அடுத்தது நினைவுக்கு வரும்.

வரிசையில் நிற்பதுதான் கடினம். “முன்னால நிக்கறவ முதுகு நகந்தா நீ நகரு, நகரலன்னா நீயும் நகராதே” என்று சொல்லி, அலமேலுவுக்கு முன்னால் நூர்ஜகானை நிறுத்தினேன். நூர்ஜகான் கடைத்தெருவில் பூட்டும் குடையும் பழுது பார்க்கும் உஸ்மான் பாயின் மகள். வாயாடி, ஆனால் பொறுமைசாலி. வேறு யார் தொட்டாலும் கையை உதறும் அலமேலு, நூர்ஜகான் முடிச்சுப் போட்டால் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். முன்பு ஒரு நாள் மண்ணெண்ணெய்க் கடையில் எல்லார் கைக்குள்ளும் புகுந்து முன்னால் போய் நின்று அடி வாங்கிய அலமேலு, வெயிலில் அசையாமல் நின்று எண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தாள் என்று அவள் தாயார் என்னிடம் வந்து சொன்னார். நம்பாமல்தான் சொன்னார்.

கோபத்தைக் கண்டுகொள்ளவும் சொல்லிக்கொடுத்தேன். முகம் பார்க்க மாட்டாளே, அதனால் காதுக்குச் சொன்னேன். “பெரிய டீச்சரம்மா சாவி சத்தம் நின்னா கோவம். அப்ப பேசாம நில்லு.”

ஊர் சும்மா இருக்குமா? மணிக்கட்டில் நூல் என்றால் மந்திரித்த கயிறு என்றுதான் அர்த்தம். மலையில் கட்டுவது ஒன்று, தர்காவில் கட்டுவது ஒன்று. இது மலையில் கட்டியது இல்லை. அலமேலுவுக்குக் கட்டியவள் உஸ்மான் பாய் மகள். அப்படியானால் தர்காக் கயிறுதான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நான் குடியிருந்த வீட்டுக்காரி என் அறைக்கு எதிரே எலுமிச்சம்பழம் கட்டினாள். கேட்டதற்கு, “திருஷ்டிக்குங்க” என்றாள். யார் திருஷ்டி என்று சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் பள்ளியின் மணி காணாமல் போனது.

இனி எழுதுவதை எழுதலாமா என்று அலமேலுவின் தகப்பனாரிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை, “எழுதுங்கோ” என்றார். இரண்டாம் முறை, “இப்ப நான் அரக்கோணத்துல ஓட்டல்ல சமைக்கறேன், இனிமே யார் என்ன பண்ணப் போறா. பேரை மட்டும் மாத்திடுங்கோ” என்றார். வார்த்தை மாறியதால் நம்பினேன். பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

எங்கள் ஜில்லாத் தலைநகர் சித்தூரிலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப் போகிறார் என்று பள்ளிக்கு வெள்ளையடித்தார்கள். மறுநாள் காலை மணியைக் காணோம். பித்தளைக் கைமணி. பெரிய டீச்சரம்மா மேசைக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். ஆயா ஒரு தட்டைக் கரண்டியால் தட்டிப் பள்ளியைத் தொடங்கினாள். முந்தின நாள் கடைசியாக வெளியே போனது யார் என்று விசாரித்தார்கள். அலமேலு.

பெரிய டீச்சரம்மா அவளை அழைத்தார். நானும் நின்றேன்.

“மணி எங்கடி?”

“மணி அதோட எடத்துல இருக்கு.”

அவ்வளவுதான். அதட்டவில்லை, அனுப்பிவிட்டார். மாலையில் அழைத்து மறுபடி கேட்டார்.

“மணி எங்கடி?”

“மணி அதோட எடத்துல இருக்கு.”

சாவிக்கொத்து நின்றது. அலமேலு உடனே வாயை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள், நான் கற்றுக்கொடுத்தபடியே. பார்ப்பவர்களுக்கு அது கல்நெஞ்சக்காரி நிற்பது போல இருந்தது.

“ரெண்டு தடவையும் ஒரு எழுத்து மாறல” என்றார் என்னைப் பார்த்து. “தானா வந்த பொய் இல்ல இது. சொல்லிக் குடுத்தது.”

“அவ எப்பவுமே அப்படித்தான்மா. எத கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்லுவா.”

“அது எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் வரதுக்குள்ள மணி வரணும். இல்லன்னா அவ பேரும் இருக்காது, உன் பேரும் யோசிக்கணும்.”

இரண்டாம் நாள் பரிசாரகரே வந்தார். அலமேலுவின் மணிக்கட்டில் நூல் இல்லை, அறுக்கப்பட்டிருந்தது.

“கொழந்தைய நிறுத்திக்கறேன். கயிறு கட்டறேளாமே. எங்காத்துல இதெல்லாம் ஆகாது.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆயா தட்டைத் தட்டினாள். புதிதாக வருகிற எவரும் தட்டு எதற்கு, மணி எங்கே என்று கேட்பார்கள். அவர் தட்டைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மகளைத் திருடி என்று ஊர் பேசுகிறது. தகப்பன் வாயில் மணி என்ற பேச்சே வரவில்லை. எனக்கு அப்போதே பொறி தட்டியது. இவருக்குக் கோபம் கயிற்றின் மேல் இல்லை.

“பலகைய எடுத்துக்கட்டும்” என்று சொல்லி அலமேலுவை வகுப்புக்குள் அழைத்துப் போனேன். புது நூல் ஒன்றில் ஐந்து முடிச்சுப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். மணி எங்கே என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவள் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டாள்.

“வெள்ளையடிச்ச அன்னிக்கு. மொத முடிச்சு.”

“பை மாட்ட ஆணி இல்ல. கீழ வெச்சேன்.”

“ரெண்டாவது?”

“பலக தொடச்சேன்.”

இப்படியே கடைசி முடிச்சுக்கு வந்தோம். அவள் அதைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“எல்லாம் எடத்துல இருந்திச்சு. மணி மேச மேல இருந்திச்சு. மேச மணியோட எடம் இல்ல. ஆணி இல்ல, புடுங்கிட்டாங்க. அப்பா மடப்பள்ளியில மணிக்கு எடம் இருக்கு. அங்க வெச்சேன்.”

வெள்ளையடிப்பவர்கள் சுவரிலிருந்த ஆணிகளையெல்லாம் பிடுங்கியிருந்தார்கள். கடைசி நூலின் வேலையை அவள் செய்திருக்கிறாள். தினமும் மாலை தகப்பனாரோடு மலைக்குப் போகிறவள், நைவேத்தியம் எடுத்துப் போகும்போது அடிக்கிற மணிக்குப் பக்கத்தில் இதையும் மாட்டியிருக்கிறாள். ஓசை ஆகாது என்பதால் வழியெல்லாம் மணி நாக்கைப் பிடித்துக்கொண்டே போயிருப்பாள்.

நான் மலை ஏறினேன். படிகளில் காவடிக்காரர்கள் யாரும் இல்லாத நாள். பரிசாரகர் கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்றிருந்தார். நான் தள்ளியே நின்றேன், அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

“மணி உங்க கிட்டதான் இருக்கு.”

“நான் ஒண்ணும் பார்க்கலே.”

“மத்தவங்க பாத்துட்டா?”

குடத்தைக் கீழே வைத்தார். “ஊர்ல எல்லார் கையும் பட்ட மணி. அது மடப்பள்ளிக்குள்ள தொங்கித்துன்னு தெரிஞ்சா அந்த நைவேத்தியம் என்னாறது? என் சமையல் முறையே போயிடும். முறைக்குக் காத்துண்டிருக்கறவா நாலு பேர் இருக்கா. சாம்பல் குழியில பொதைச்சு வெச்சிருக்கேன்.”

“அதனால கயிறு மேல பழி போட்டு பொண்ண நிறுத்தறீங்க. திருடின்னு பேரோட அது வீட்டுல உக்காரட்டும்.”

“பள்ளிக்கூடத்துல இருந்தா யாராவது கேப்பா. கேட்டா சொல்லிடுவா. அவளுக்கு மறைக்கத் தெரியாது.”

அது உண்மைதான்.

“மணியக் குடுங்க” என்றேன். “எங்க கெடச்சதுன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நாளைக்கு அலமேலு பள்ளிக்கூடத்துக்கு வரணும், கையில நூலோட.”

“உங்கள எப்படி நம்பறது?”

“நம்ப வேணாங்க. நானும் உங்கள நம்பல. மணிய வாங்கிகினுதான் எறங்குவேன்.”

வாழையிலையில் பிரசாதம் போலச் சுற்றிக் கொண்டுவந்து தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார். எடுத்தபோது உள்ளே ஒலித்தது. அவர் முகம் வெளுத்தது. மணி நாக்கைக் கட்ட ஏதாவது வேண்டும் என்றேன். தயங்கி, இடுப்புச் செருகலிலிருந்து அறுந்த நூலை எடுத்துப் போட்டார். மகள் கையிலிருந்து அறுத்தது. அது என்ன கயிறு என்று தெரியாமல் எறியப் பயந்து வைத்திருந்திருக்கிறார். அந்த நூலாலேயே மணியின் நாக்கைக் கட்டிக்கொண்டு, பிரசாதம் வாங்கிப் போகிறவர்களோடு நானும் இறங்கினேன்.

மறுநாள் காலை மணி பெரிய டீச்சரம்மா மேசையில் இருந்தது. நாக்கில் நூலை அவிழ்க்காமல் வைத்தேன்.

“எங்க இருந்திச்சு?”

“அதோட எடத்துல இருந்திச்சும்மா.”

அவர் நூலைப் பார்த்தார், மணியின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்தார். மாலையில் அழைத்தார்.

“எங்க இருந்திச்சு சுசீலா?”

“அதோட எடத்துல இருந்திச்சும்மா.”

சாவிக்கொத்தைப் பிடித்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு மெல்ல விட்டார், கொத்து ஆடி ஒலித்தது.

“அலமேலு உனக்கும் பாடம் சொல்லிக் குடுத்துட்டா போலிருக்கு” என்றார். “போ. ஆயா கிட்ட சொல்லி அந்த ஆணிய அடிக்கச் சொல்லு.”

அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் பிறகு அவர் என்னிடம் காட்டிய தயவையும் நான் முழுதாக நம்பவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். என் வகுப்பின் வரிசையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். மணிக்கட்டு நூலைப் பார்த்து, இது எந்தப் பாடத்தில் வருகிறது என்று கேட்டார். சொன்னேன். முகத்தைச் சுளித்தார். அதன் பிறகும் நூல் இரண்டு ஆண்டுகள் ஓடியது, பாவாடைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் கடைசி வரிசைப் பெண்கள் எல்லாரையும் வீட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் பரீட்சையில் தேறியவர்கள். அலமேலுவும் தேறியவள்.

அன்று காலை பெரிய டீச்சரம்மாவிடம் போய்க் கேட்டேன். “ஏம்மா அவங்கள எடுத்துட்டீங்க?”

“மேல இருந்து உத்தரவு. என் கையில ஒண்ணும் இல்ல.”

மாலையில் மறுபடி போனேன். “ஏம்மா அவங்கள எடுத்துட்டீங்க?”

“மேல இருந்து உத்தரவு. என் கையில ஒண்ணும் இல்ல.”

ஒரு எழுத்து மாறவில்லை. அவர் சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது என்று நினைக்கிறேன். கை சாவிக்கொத்துக்குப் போனது. அது கோபமா வேறு ஏதாவதா என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. நான் ராஜினாமாவை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குப் போய் உஸ்மான் பாயின் மாடி அறையைக் கேட்டேன். “கயிறு கட்ற பள்ளிக்கூடமா டீச்சரம்மா? என் மேல போடுவாங்களே பழிய” என்றார். “ஏற்கனவே போட்டுட்டாங்க பாய்” என்றேன். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். நூர்ஜகான் ஆணிகளை எடுத்துக் கொடுக்க, சுவரில் வரிசையாக அடித்தேன்.

வகுப்பு தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. நான்கு பெண்கள் வருகிறார்கள். பரிசாரகர் அரக்கோணத்திலிருந்து ஊருக்கு வரும் நாட்களில் மகளைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மேலே வருவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை. மணி இன்னும் வாங்கவில்லை. ஆனால் மணிக்கு என்று வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து நூல் கட்டி வைத்திருக்கிறேன். அலமேலு தினமும் கடைசி முடிச்சைத் தடவிக்கொண்டு அதன் எதிரே போய் நின்று, “இங்க ஒண்ணும் இல்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறாள்.